குடும்பத் தலைவர் பேசமாட்டார்

பிப்ரவரி 4

அடியே பொடிசு,

போனில் பேசினால் "மீட்டிங் இருக்குக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மீதி உன் மேசையில் கிடந்து உறுத்தும். அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகம் நடத்துகிற குடும்ப நலக் கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கும் வந்தது. வரப்போகிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போகட்டும். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கழுத்தில் அட்டை, வார் அறுந்து ஊசி குத்திய செருப்பு. பார்க்கவே பாவமாக இருந்தது. நான் மாமாவுக்கு உடம்பு துடைத்துப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தேன்.

"வீட்டுத் தலைவர் யாருங்க?"

யோசிக்காமல் மாமனாரைச் சொன்னேன். வீடு அவர் பெயரில் இருக்கிறது. உன் அத்தான் இன்றைக்கும் எதில் கையெழுத்துப் போட்டாலும் அப்பா பெயரைத்தான் முதலில் எழுதுவார்.

"இருக்காங்களா?"

"இருக்காம எங்க போவார்? உள்ள படுத்திருக்கார். வா, வந்து பாரு."

வந்தாள், பார்த்தாள். வலப்பக்கமும் வாயும் ஒரே நாளில் விழுந்துபோன மனிதரை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள், "இவரால பேச முடியாதாக்கா?"

"முடியாது. நான் சொல்றேன், நீ கேளு."

"நீங்க தலைவர் இல்லையேக்கா."

"தலைவரைத் தூக்கி உட்கார வைக்கிறது யாருன்னு நினைச்சே?"

அவள் சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. காகிதத்தில் ஏதோ கிறுக்கினாள், கதவு நிலையில் சாக்பீஸால் "பூ.வீ." என்று போட்டாள், போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தி, அது என்ன எழுத்து என்று கேட்டேன். "பூட்டிய வீடுக்கா. பேட்டி எடுக்க முடியலைன்னா அப்படித்தான் போடணும்" என்றாள்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த வீட்டுக்குப் பெயர் பூட்டிய வீடாம்! உனக்கு ரோஷம் வரவில்லையா?

படுக்கையில் இருப்பவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு மையம் தொடங்கப் போகிறார்கள், எந்தப் பகுதியில் தொடங்குவது என்பதை இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று அந்தப் பெண் கொடுத்த துண்டுச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. அது இங்கே வந்தால் நான் டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பிப் போவேன். முதலாளியம்மா இன்னும் என் இடத்தில் யாரையும் நிரந்தரமாகப் போடவில்லை. இப்போது சொல்லிக் கொடுக்கிற பையன் பயந்தவனாம், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முன்னால் இவனே பிரேக்கை மிதித்துவிடுகிறானாம். எனக்கு அந்த வண்டி வேண்டும். அந்த வேலை வேண்டும். காலையில் எழுந்து குளித்து, தலை சீவி, வெளியே போக வேண்டும்.

அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பு. நான் பேசுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

முழுக் கடிதத்தையும் படித்தேன். மீட்டிங்கிலேயே படித்தேன், திருப்திதானே?

முதல் விஷயம். உன் தெரு கணக்கெடுப்பில் வருவதை நான் உன்னிடம் சொல்லக் கூடாது. எந்தத் தெரு என்பது குலுக்கலில் விழுவது. அக்கா வீடு இருக்கிறது என்று நான் முன்கூட்டியே வாயைத் திறந்தால் என்னை இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது விஷயத்தைக் கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும். அந்த விதியை எழுதியவள் நான்தான். வீட்டுத் தலைவர் வெளியூரில் இருந்தால் பெரியவர்கள் யாராவது பதில் சொல்லலாம். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது அவருக்காக வேறு யாரும் பேசக் கூடாது. பேட்டி எடுக்க முடியவில்லை என்றால் பூட்டிய வீடு. அப்படித்தான் எழுதினேன்.

ஏன் என்று கேள். நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீட்டில் மகன் பேசினார். "அப்பாவுக்கு எதுவும் தெரியாதுங்க. நாங்க ராஜா மாதிரி வச்சிருக்கோம்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அப்பா என்னைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் மகன் சொன்னதைத்தான் எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கிருந்த விதி அது. இந்த முறை கேள்வித்தாளைத் தயார் செய்யும் வேலை என் கைக்கு வந்ததும், ஒற்றைக் காலில் நின்று இதைச் சேர்த்தேன். படுத்திருப்பவர் சார்பில் நிற்பவர்கள் பேசிவிட்டுப் போகிற வழக்கத்துக்கு இங்கேயாவது ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ நல்லவள். எல்லா வீட்டிலும் நீ இருக்க மாட்டாய்.

பூட்டிய வீடுகளுக்கு இரண்டாம் முறை மேற்பார்வையாளர் ஒருவர் வருவார். அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. முதல் சுற்றுக் கணக்கில் உங்கள் பகுதியில் படுக்கையில் இருப்பவர்கள் ரொம்பக் குறைவு என்றுதான் வருகிறது. இதையும் நான் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது. மையம் வரும் என்று ரொம்பக் கனவு காணாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. "ஊரையெல்லாம் கேள்வி கேக்கறா, அக்காவை எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டா" என்று நீ சொல்லிக்கொண்டு திரிவதாக அத்தான் சொன்னார். கேட்டால் நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை அக்கா. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தங்கை


பிப்ரவரி 17

பொடிசு,

ஒன்று மட்டும் உன் கடிதத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் குறைவு என்று எழுதியிருந்தாய் இல்லையா? படித்த சூட்டோடு மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். எந்தெந்தக் கதவு நிலையில் "பூ.வீ." என்று இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாக் கதவும் திறந்தது. தையல்காரம்மா வீட்டில் அவளுடைய அம்மா, இடுப்பு உடைந்து, பேச்சும் குழறிப்போய்க் கட்டிலில். ரிடையர் ஆன கண்டக்டர் வீட்டில் அவர் மனைவி, கட்டிய கணவனையே "நீங்க யாருங்க, டிக்கெட் எடுத்தாச்சா" என்று கேட்கிறார். வீட்டுப் பத்திரம் அந்த அம்மா பெயரில், அதனால் அவர்தான் தலைவர். சாவி செய்கிறவர் வீட்டில் அவருடைய அண்ணன், பேச்சில்லாமல் படுக்கையில். சாவி செய்கிறவர் வீட்டையே பூட்டிய வீடு என்று எழுதியிருக்கிறார்களே என்று சொன்னேன். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புரிகிறதா? எந்தெந்த வீட்டில் ஆள் படுக்கையில் இருக்கிறாரோ, அந்தந்த வீட்டைத்தான் நீங்கள் பார்த்துப் பார்த்துக் கழித்திருக்கிறீர்கள். கழித்துவிட்டு, இங்கே அப்படி யாரும் இல்லை என்கிறீர்கள். உன் விதி யாரைக் காப்பாற்றுகிறது, சொல்.

இனி உருப்படியான விஷயம். தலைவர் வெளியூர் போயிருந்தால் மற்றவர்கள் பேசலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். போதும். நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். "எடுத்ததும் வேகம் வேண்டாம். முதல்ல கும்பிடு போடுங்க. அப்புறம், 'தலைவர் வெளியூர் போயிருக்காருங்க, வர நாளாகும், நான் சொல்றேன் எழுதிக்கோங்க.' அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா வண்டி ஆஃப் ஆயிடும்" என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கண்டக்டர்தான் கொஞ்சம் திணறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லையாம். இத்தனை வருஷம் "உள்ள இடமிருக்கு, முன்னால போங்க"ன்னு சொன்னது பொய் இல்லாம என்னவாம் என்று கேட்டேன். அதற்கப்புறம் நன்றாகவே சொன்னார்.

உன் மேற்பார்வையாளர் வரட்டும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உனக்கு யார் இந்த யோசனையைக் கொடுத்தது என்று கேட்கலாம் என்றால், நான்தான் கொடுத்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்குள் மேற்பார்வையாளர் உங்கள் தெருவை முடித்துவிட்டார். அவர் அறிக்கை என் மேசையில் இருக்கிறது. போன வீடெல்லாம் தலைவர் வெளியூர். எல்லாரும் வரி மாறாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள், கும்பிடு உட்பட. தெருவே கூட்டமாக எங்கே போயிருக்கிறது என்று அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தையல்காரம்மாவிடம், "எந்த ஊருக்குப் போயிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "அதை அக்கா சொல்லிக் கொடுக்கலையே" என்றாராம். உன் வீட்டில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ தடாலென்று விழுந்திருக்கிறது. பூனை என்று சொன்னாயாமே? அந்த வீட்டில் பூனையே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சிரித்துவிடாதே. உன் தெரு முழுவதையும் "ஜோடித்த பதில்கள்" என்று நீக்கப் பரிந்துரை வந்திருக்கிறது. பூட்டிய வீடுகள் மட்டுமில்லை, ஒழுங்காகப் பதில் சொன்ன வீடுகளும் சேர்ந்து போகும். வகுப்பு எடுத்த அக்காவுக்கு அலுவலகத்தில் ஒரு தங்கை இருக்கிறாள் என்று எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான். நேற்று இயக்குநர் கூப்பிட்டு, "உங்க குடும்பத்துக்கு மையம் வேணும்னா நேரடியா மனு போட்டிருக்கலாமே" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கல்லூரி முடித்ததிலிருந்து இந்த வேலைதான் எனக்கு எல்லாம். ஒரு பதிலை நானாகத் திருத்தினேன், ஒரு எண்ணை நானாகப் போட்டேன் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. உன் ஒரு சாயங்கால வகுப்பு அதைக் காலி செய்துவிட்டது.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கடிதம் வந்த அன்றைக்கே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு ஏன் பொய் சொன்னாய்? உன்னிடம் திறந்த கதவுகள் இருந்தன. அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நான் யாரோடும் மோதியிருப்பேன். இப்போது நான் எதைத் தூக்கிப் பிடிப்பது, கும்பிடையா?

உன்மேல் ரொம்பக் கோபமாக இருக்கிறேன். இதைச் சரிசெய்ய வேண்டியது நீ.

தங்கை


மார்ச் 2

பொடிசு,

திட்டிவிட்டாய் இல்லையா? சரி. வாங்கிக்கொண்டேன்.

பூனை இல்லை, மாமாதான். நான் வாசலில் நின்று "வெளியூர் போயிருக்கார்" என்று சொன்னது உள்ளே கேட்டிருக்கிறது. இடது கையால் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவிட்டார். நானும் தெரியாமல் விழுந்தது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். ராத்திரியும் அப்படித்தான், அதற்கப்புறமும் பேருக்கு இரண்டு வாய்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

இந்த மனிதர் யார் என்று உனக்குத் தெரியும். மொத்த வியாபாரச் சந்தையில் ஏலம் கூறியவர். அவர் வாயைத் திறக்காமல் ஒரு மூட்டை நகராது. சந்தையின் அந்தக் கோடியில் இருப்பவனுக்கும் குரல் கேட்கும் என்பார்கள். அவரை அடுத்த அறையில் வைத்துக்கொண்டே ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நீ பார்த்த அந்த மகனுக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவன் தெரியாது என்றான், நான் இல்லவே இல்லை என்றுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அந்தப் பொண்ணை உங்ககிட்டயே கேக்கச் சொல்லவா?" என்றேன். சுவர்ப்பக்கம் பார்த்தபடியே இடது கையின் ஒரு விரலைத் தூக்கினார். விரல் தூக்கினால் ஆமாம், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இல்லை. பேச்சு போன புதிதில் அவராக வைத்துக்கொண்ட வழக்கம் அது. ஏலத்தில் விரல் தூக்கினால் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம், உன் அத்தான் சொல்வார். பிறகு மிச்சம் வைக்காமல் கஞ்சி குடித்தார்.

மறுநாள் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஆட்கள் இருக்கும் கிளை அலுவலகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளரிடம் நேராகச் சொன்னேன். "பொய் சொன்னது இவங்க. சொல்லிக் கொடுத்தது நான். என் தங்கச்சிக்கு இதுல ஒரு துளி சம்பந்தம் இல்ல. நான் இப்படிப் பண்ணுவேன்னு தெரிஞ்சிருந்தா பஸ் ஏறி வந்து என் வாயைக் கட்டியிருப்பா." எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். சாவி செய்கிறவர், "இப்ப வீட்டுக்கு வந்து பாருங்க சார், ஆள் இருக்கா இல்லையான்னு" என்றார். விதியில் இடமில்லை என்றார் மேற்பார்வையாளர். சரி, இடம் வருகிற வரைக்கும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம். அலுவலகம் பூட்டும் நேரம் வரை நகரவில்லை. கண்டக்டர் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் போய் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளருக்கு வேர்த்துவிட்டது.

இனி உன் பங்கு. பேசத்தானே முடியாது? பதில் சொல்ல முடியாது என்று யார் சொன்னது?

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்கா,

உன் வாக்குமூலம் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் எல்லாரும் படித்துவிட்டார்கள். "வாயைக் கட்டியிருப்பா" என்ற இடத்தில் இயக்குநருக்கே சிரிப்பு வந்ததாகக் கேள்வி.

நான் வேறொரு வேலை செய்தேன். உன் பகுதி மட்டுமில்லாமல் எல்லாப் பகுதியிலும் வீடு வீடாகப் போன பெண்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டு, "பூ.வீ. போட்ட வீடுகள்ல நிஜமாவே பூட்டு தொங்கினது எத்தனை?" என்று கேட்டேன். ஒருத்தி, "பூட்டைப் பார்த்ததே அபூர்வம்கா. ஆனா வேற எதைப் போடுறதுன்னு தாள்ல இல்லையே" என்றாள். இன்னொருத்தி அழுதுவிட்டாள். ஒரு வீட்டில் காது கேட்காத தாத்தா அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம். அந்த வீட்டையும் பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். நான் எழுதிய விதி அக்கா. அடுத்தவர் வாயிலிருந்து அவர்களைக் காப்பாற்றப் போய், வீட்டோடு சேர்த்து அழித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னேன். இயக்குநர் வழக்கமான சமாதானம் சொன்னார். "எந்தக் கணக்கெடுப்புலயும் கொஞ்சம் விடுபடத்தாம்மா செய்யும். அறிக்கை அச்சுக்குப் போகணும்."

"கொஞ்சம் இல்ல சார். நாம யாரைத் தேடிப் போனோமோ அவங்கதான் விடுபட்டிருக்காங்க."

"விதியை எழுதினதே நீங்கதானே?"

"ஆமா சார். அதனாலதான் நானே சொல்றேன். வேற யாராவது சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்."

கேள்வித்தாளுக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் அறிக்கை அச்சுக்குப் போகாது.

அப்புறம் நடந்தது நீளக் கதை. முடிவை மட்டும் சொல்கிறேன். உன் தெருவை நீக்கவில்லை. பூட்டிய வீடுகளுக்கு மட்டும் ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். பேச முடியாதவரிடம் ஆமாம், இல்லை என்று சைகையில் பதில் வாங்கலாம். சந்தேகம் இருந்தால் கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்பவரிடம் தனியாக வேறு கேள்விகள். கண்டக்டர் வீட்டு அம்மா மாதிரி எதுவும் நினைவில்லாதவர்கள் வீட்டில், பார்த்துக்கொள்பவரின் பதிலை மட்டும், அதைச் சொன்னவர் பெயரிலேயே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பகுதியின் தாள்கள் என் கைக்கு வராது, வேறொருவர் பார்ப்பார். அக்கா இருக்கும் பகுதியை இனி நான் தொடவே கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த கேள்வித்தாளும் எனக்கு இல்லை. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். மாமா பதில் சொல்லும்போது நீ அவர் கண்ணில் படக் கூடாது. அவர் எதைச் சொன்னாலும் அது அப்படியே எழுதப்படும். உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

தங்கை


மார்ச் 19

பொடிசு,

நேற்று வந்தாள், அதே பெண். செருப்பு மட்டும் புதிது.

முதலில் என்னிடம். சமையலறையில் உட்கார்ந்தோம். அவள் தாளை எடுப்பதற்கு முன்னாலேயே, "அக்கா, உங்க கதைதான் ஆபீஸ் பூரா. எப்படிக்கா இத்தனையையும் ஒத்தையா பண்றீங்க?" என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தலை கால் புரியவில்லை. தையல்காரம்மா வேறு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு எழுகிறேன், எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறேன், முதுகில் ஒரு புண் வராமல் எப்படி வைத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். "இவரைக் கவனிக்க உங்களுக்கு வெளியிலிருந்து உதவி தேவைப்படுதா?" என்று கேட்டாள்.

"தேவையில்ல. நான் ஒருத்தியே பாத்துக்குவேன்" என்றேன்.

ஆமாம் பொடிசு. தெருவைக் கூட்டி, பொய் சொல்லி, அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, உன் வேலைக்கு வேட்டு வைத்து, கடைசியில் கேள்வி என் முன்னால் வந்து நின்றதும் நான் சொன்ன பதில் அது. சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மாமாவிடம் போனாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நீ சொன்னபடி கண்ணில் படாமல் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், கதவுக்கு வெளியே நின்றேன். என் இடத்திலிருந்து அவர் கை மட்டும் தெரிந்தது. முதலில் அவருக்குப் புரிகிறதா என்று பார்ப்பதற்காக, "இப்ப ராத்திரியாங்க?" என்று கேட்டாள். உள்ளங்கை கவிழ்ந்தது. "உங்களைப் பாத்துக்கறது மகனா?" உள்ளங்கை. "மருமகளா?" விரல் சட்டென்று நின்றது. "அடிக்கறது, கிள்ளறது ஏதாவது உண்டா?" உள்ளங்கை. "திட்டுவாங்களா?" விரல் நிமிர்ந்தது பாரு, வீட்டுக் கூரையைத் தொட்டுவிடும் போல! அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். "உண்மைதான், எழுதிக்கோ" என்று நான் வெளியிலிருந்தே கத்தினேன். பேசக் கூடாது என்று என்னை அதட்டினாள்.

அடுத்து அந்தக் கேள்வி. "இப்ப உங்களுக்குக் கிடைக்கிற கவனிப்பு போதுமானதா இருக்கா?"

உள்ளங்கை கவிழ்ந்தது.

அவளுக்கே நம்பிக்கை இல்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "கவனிப்பு போதலையாங்க?" விரல் எழுந்தது. அவசரமே இல்லாமல், எழுந்து அப்படியே நின்றது.

அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி கதவுப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். "அக்கா... 'ஓரளவு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைப் போடட்டுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். நல்ல பெண், எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

"அவர் சொன்னதைப் போடு" என்றேன். "ஒரு எழுத்து மாத்தினே, நானே உங்க ஆபீஸுக்கு வந்து சொல்லுவேன்."

போட்டாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வயிற்றெரிச்சல். நாள் தவறாமல் துடைத்துவிட்ட கை, ஊட்டிவிட்ட கை, போதவில்லையாம்! உள்ளே போய்க் கேட்கவே கேட்டுவிட்டேன். "என்ன மாமா குறை வச்சேன்? சொல்லுங்க. சாப்பாட்டுலயா?" உள்ளங்கை. "சுத்தத்துலயா?" உள்ளங்கை. "திட்டறேன்னா?" அதற்கும் உள்ளங்கை. கேட்கக் கேட்க எனக்குத்தான் கேள்வி தீர்ந்துபோயிற்று. அவர் கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? தெரு, ஆள், சத்தம். ஒரு சந்தையையே கத்தி நடத்தியவருக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை என் முகம் ஒன்றுதான், என் குரல் ஒன்றுதான். அவர் இடத்தில் நான் இருந்தால் எப்போதோ சொம்பை எறிந்திருப்பேன்.

உன்னை நினைத்தேன். அந்த விதி மட்டும் இல்லாமலிருந்தால், முதல் நாளே அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லியிருப்பேன். "எந்தக் குறையும் இல்ல, நல்லா பாத்துக்கறோம்." அந்த மகன் சொன்ன அதே பதில். அவரும் என் முதுகுக்குப் பின்னால் கையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்திருப்பார். விதியில் ஒரு பாதி தப்பு. இன்னொரு பாதிக்காக உன்னை எவன் வேலையை விட்டுத் தூக்கினாலும் நான் வந்து அவன் வாசலில் உட்காருவேன்.

புடவையைச் சரிசெய்துகொண்டு தெருவுக்கு ஓடினேன். சாவி செய்கிறவர் வீட்டில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "என் பதிலை மாத்து" என்றேன்.

"எதைக்கா?"

"உதவி தேவையான்னு கேட்டியே. தேவைன்னு போடு."

"அப்ப ஏன்கா அப்படிச் சொன்னீங்க?"

"கொழுப்பு. அதுக்குக் கட்டம் இருந்தா அதையும் போடு. இப்ப எழுது. ஒருத்தி போதாது. அவருக்கும் போதாது, எனக்கும் போதாது."

விதி அனுமதிக்குமா என்று அவள் யோசித்தாள். பேட்டி கொடுத்தவரே அதே நாளில் வந்து திருத்தினால் திருத்தலாமாம், பக்கத்தில் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். மையம் வருமா, வராதா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் எங்கே போய் உட்கார வேண்டும் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

சாயங்காலம் உன் அத்தான் ஷிஃப்ட் முடிந்து வந்தார். ஒரு செருப்பைக் கழற்றியதுமே நிறுத்தினேன். "உங்க அப்பா போதலைன்னு சொல்லிட்டார். நானும் போதலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கப் போறேன், முதலாளியம்மாகிட்ட சொல்லியாச்சு. அந்த நேரத்துல உங்க அப்பாவை யார் பாத்துக்கறது?" என்றேன்.

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். "நீயே பாத்துக்குவேன்னு நினைச்சேன்" என்றார்.

"அது பதில் இல்ல. திரும்பக் கேக்கறேன்" என்று கேள்வியை மறுபடி சொன்னேன்.

இன்னும் பதில் வரவில்லை. நான் விடுவதாக இல்லை.

அக்கா